கோடாலிக்காரனின் பிடி

வேலையிடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் நிதானம். லிஃப்ட் மெக்கானிக். ஒரு திருகை முடுக்கினால் இன்னொரு தரம் முடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். பதினெட்டு வருடத்தில் அவர் கைவைத்த எந்த லிஃப்ட்டும் ஒரே காரணத்துக்காக இரண்டு முறை நின்றதில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மனைவியின் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பகடை விளையாட்டு நடக்கும். காய் நகர்த்தும் விளையாட்டில்லை. ஆளுக்கொரு பாத்திரம். எதிரே என்ன வருகிறது என்று மச்சான் கதையாகச் சொல்வான். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் மனைவி அங்கே ஒரு வைத்தியக்காரி. கீழ்வீட்டு மருந்துக்கடை அம்மா திருடி. நிதானம் கோடாலிக்காரன். மனைவி இழுத்துக்கொண்டு போனதால் போனவர், ஏழு மாதமாகத் தன் முறை வந்தபோதெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "கோடாலியால வெட்டுறேன்."

மச்சானுக்கே அலுத்துவிட்டது. "மாமா, உங்க ஆளுக்குன்னு தனியா ஒரு சண்டை வித்தை வேணும். நீங்களே யோசிச்சு எழுதிட்டு வாங்க. தேறுமான்னு நான் பாக்கறேன்."

அடுத்த வாரம் நிதானம் ஒரு வரி எழுதிக்கொண்டு போனார். கூட்டாளி மேல் விழும் அடி எதுவானாலும் கோடாலிக்காரன் குறுக்கே பாய்ந்து தடுத்துவிடுவான்.

"எல்லா அடியுமா?"

"எல்லா அடியும்."

"அப்புறம் எதுக்கு மாமா சண்டை? பேசாம எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

அதற்கடுத்த வாரம் இரண்டு பக்கம். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், ஆயுதம் என்ன எடை, தரை ஈரமா காய்ந்ததா, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மருந்துக்கடை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதிவரை படித்தார். "டாக்டர் கிறுக்கலைக்கூடப் படிச்சிருவேன் தம்பி. இது முடியாது."

நிதானம் கோபித்துக்கொள்ளவில்லை. வேண்டாததையெல்லாம் அடித்துவிட்டு மிச்சமிருந்ததைப் பார்த்தார். கை எட்டும் தூரத்திலிருக்கும் கூட்டாளிக்கு விழும் அடியைக் கோடாலிக்காரன் தானே வாங்கலாம். ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டி, விழுந்த எண்ணை அடியில் கழித்துக்கொள்ளலாம். மதிய இடைவேளைகளில் மெஷின் ரூமில் உட்கார்ந்து, கிரீஸ் டப்பா மூடியில் பகடையை நூறு முறை உருட்டிக் குறித்தார். வாங்கும் அடி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. இதற்கு ஈடாக அவன் எதையாவது இழக்க வேண்டும். சண்டைக்கு ஒருமுறைதான் என்று எழுதினார். ஏன் ஒருமுறை என்று யாராவது கேட்டால் பதில் இல்லை, அடித்துவிட்டார்.

அந்த வாரம் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. வேகம் மீறினால் லிஃப்ட்டுக்கு அடியிலுள்ள இரும்புத் தாடை பக்கச் சுவரோடு ஓடும் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும், அது கவ்வியிருந்தது. ஆட்களை இறக்கியாயிற்று. அதில் மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் போகாமல் நின்று கேட்டார்: "ஆபத்துதான் போயிருச்சே, அது தானா விடாதா?"

"விடாதுங்க. யாராவது வந்து விடுவிச்சாத்தான் உண்டு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கே எழுதி முடித்தார். அரைப் பக்கம். அடியை வாங்கியவன் அப்படியே இறுகி நிற்பான். நகர முடியாது, வெட்ட முடியாது, இன்னொரு அடிக்குக் குறுக்கே போகவும் முடியாது. பக்கத்திலிருக்கும் ஒருவர் தன் முறையைச் செலவழித்து அவனை விடுவிக்க வேண்டும். எத்தனை தரம் வேண்டுமானாலும் செய்யலாம்.

மச்சான் இரண்டு தரம் படித்தான். "இது தேறும் மாமா."

அன்றைய சண்டை இடிந்த கோபுரத்துப் படிக்கட்டில். கல்லாலான ஒரு மிருகம் திருடியை அடித்தது. கோடாலிக்காரன் குறுக்கே பாய்ந்தான்; பகடையில் ஐந்து விழுந்தது; இறுகி நின்றான். அடுத்த முறை திருடியுடையது. விடுவித்திருக்கலாம். ஆனால் மிருகத்துக்கு இரண்டு புள்ளி உயிர்தான் பாக்கி. "நானே முடிச்சிடறேன்," என்று மருந்துக்கடை அம்மா கத்தியை வீசினார். தவறிவிட்டது. மிருகம் திரும்பி வைத்தியக்காரியை அடித்தது. அவள் நின்றது கோடாலிக்காரனுக்குக் கை எட்டும் தூரத்தில்தான். அவனால் அசைய முடியவில்லை. பதினொரு புள்ளி. அவளிடம் இருந்தது எட்டு.

வைத்தியக்காரியின் கதை முடிந்தது. மனைவி தன் பாத்திரத்தின் கணக்கு எழுதிய தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "முதல்ல யாருக்குக் குறுக்க போனீங்கன்னு பாத்தேன்," என்றார்.

"உனக்கு அப்ப அடியே விழலையே."

"நான் ஒண்ணும் சொல்லலை."

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதையே சொல்லாமல் இருந்தார். புதன்கிழமை காலை மனைவி, வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டே ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிகளுக்கு ஒட்டும் லேபிளின் பின்பக்கம். புதுப் பாத்திரம் ஒன்று: சுத்தியல்காரி. அவளுக்கும் ஒரு வித்தை இருந்தது. இறுகி நிற்பவனைச் சுத்தியலால் ஒரு போடு போட்டு விடுவிப்பாள். அதற்கு அவள் முறை செலவாகாது. அவனுக்கு ஒரு புள்ளி உயிர் போகும்.

நிதானம் வாசலில் நின்றபடியே படித்தார். மெஷின் ரூமில் உருட்டிப் பார்க்க அதில் எதுவும் இல்லை. "எவ்வளவு நேரம் ஆச்சு இதை எழுத?"

"நேத்து பஸ்ஸுக்கு நின்ன நேரம்."

"ஒரு புள்ளி போதுமா?"

"ரெண்டுன்னுதான் முதல்ல எழுதினேன். பாவம்னு விட்டுட்டேன்."

மச்சான் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆடினார்கள். மருந்துக்கடை அம்மா எந்தச் சண்டையிலும் சுத்தியல் போடுகிற கட்டத்துக்காகவே காத்திருந்து சிரிப்பார். கோடாலிக்காரன் மேலே மேலே போய் ஒன்பதாம் நிலைக்கு வந்தபோது, இன்னொரு வித்தை சேர்த்துக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னான். நிதானம் இரண்டு வாரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார்.