மூன்று அறைகள் காலியாக இருந்தன

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. திருவள்ளூரை ஒட்டி, காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் நான் நடத்தும் நாய் விடுதியில்.

நாய் விடுதி என்றதும் சிரிக்க வேண்டாம். ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போவார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புகிற நாய்களும் உண்டு. ஐம்பது வயதில் கம்பெனி என்னை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியபோது, நாய்களைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் படித்திருந்த தைரியத்தில் ஆரம்பித்தேன். பத்து அறைகள். ஆவடி, அம்பத்தூர் அடுக்குமாடிகளிலிருந்து காரில் வரும் வாடிக்கையாளர்கள். சீரியல் ஓடினால்தான் தூங்கும் பக் ஒன்று, எலும்பு நீக்கிய கோழியைத் தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்காத லேப்ரடார் ஒன்று. இவர்களை நாய்கள் என்று சொல்ல மாட்டேன், விருந்தாளிகள் என்பேன். வாசல் போர்டில் ‘எல்லா நாயும் எங்கள் பிள்ளையே’ என்று எழுதியிருக்கும். வாசகம் அடியேனுடையது.

ஒரு நாள் காலையில் மொபெட்டில் ஒருவர் வந்தார். தொழிற்பேட்டையில் டப்பா செய்கிற கம்பெனியின் சட்டை போட்டிருந்தார். கால் வைக்கிற இடத்தில் ஒரு நாட்டு நாய் நின்றிருந்தது.

“ஊட்டுக்காரம்மாவுக்கு கர்ப்பப்பை ஆபரேசன் சார். மெட்ராஸ்ல பத்து நாளு கூட இருக்கணும். பார்த்துக்க ஆள் இல்லன்னு ரெண்டு தபா தள்ளிப் போட்டாச்சு. அக்கம்பக்கம் எல்லாம் ஷிப்டுக்குப் போறவங்க. இத்த மட்டும் நீங்க வச்சிக்கினா, நான் நிம்மதியாப் போவேன். இன்னா ரேட்டோ குடுத்துர்றேன்.”

லேப்ரடாரின் சொந்தக்காரர் இந்த நாயைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது. ‘நாட்டு நாயை எடுப்பதில்லை’ என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு புத்தகம் படித்தவன், முற்போக்கானவன். அப்படியெல்லாம் சொல்ல முடியுமா? அதனால் பொய் சொன்னேன். ஊசி போட்ட அட்டை இல்லாமல் சேர்ப்பதில்லை என்றேன். அட்டை இல்லாத பொமரேனியன் ஒன்று அப்போது நான்காம் அறையில் படுத்திருந்தது.

அதோடு ஆள் வர மாட்டார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நாயும் அட்டையுமாக வந்து நின்றார். அரை நாள் லீவு போட்டு, மாட்டாஸ்பத்திரியில் வரிசையில் நின்று ஊசி போட்டிருக்கிறார். அட்டையை நோட்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையில் வைத்து நீட்டினார். நான் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், ஏதாவது குறை அகப்படுமா என்று. அகப்படவில்லை. உண்ணி இருந்தால் மற்றவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அவரிடம் கவலைப்பட்டேன்.

மறுநாள் மூன்றாவது முறை வந்தார். நாய் மேலெல்லாம் மருந்து சோப்பு வாசனை. “ஒன்னு உடாம பொறுக்கிட்டேன் சார். பாருங்க” என்று அதன் காதை மடித்துக் காட்டினார். நான் போனைப் பார்த்துக்கொண்டே, இடம் இல்லை என்றேன்.

எனக்குப் பின்னால் மூன்று அறைகள் கதவு திறந்து கிடந்தன. விடுதியைக் கழுவிப் பெருக்குகிற அம்மா அவற்றில்தான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். வந்தவர் அந்த அறைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அது மூணும் நேத்தே சொல்லி வச்சிட்டாங்கப்பா” என்றேன்.

“செரி சார். நாளான்னிக்கு அட்மிட் ஆவணும். வேற யார்னா இட்த்துல வச்சிப்பாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கோபித்திருந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. ஒரு நாயையும் இழிவாகப் பேசாமல் விஷயத்தை முடித்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தி. உள்ளே போய்க் காபி குடித்தேன்.

அந்த வாரக் கடைசியிலிருந்து வாசலில் ஒரு நாய் வந்து படுக்க ஆரம்பித்தது. காலையில் நான் வரும்போதே கேட்டை ஒட்டிச் சுருண்டிருக்கும். கார் வந்தால் எழுந்து ஒதுங்கும், போனால் திரும்ப வந்து படுக்கும். தெருநாய் வாசலில் கிடந்தால் விடுதிக்கு என்ன மரியாதை? கல் எடுப்பதுபோலக் குனிந்து பார்த்தேன், கைதட்டினேன். ஒரு நாள் ஒரு மக்கு தண்ணீரை அதன் மேல் வீசினேன். அது உடம்பை உதறிவிட்டு, எதிரே போய் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. கழுவிக்கொண்டிருந்த அம்மா வெளியே போய், தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டு வந்தார்.

“அதுக்கெல்லாம் சோறு போடாதம்மா, பழகிடும்” என்றேன்.

“பழகிடுச்சி சார்” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஒரு பெண்மணி வயிற்றில் தலையணையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். இறங்கியவர் அந்த டப்பா கம்பெனிக்காரர். நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோதே வாசலில் கிடந்த நாய் ஒரு ஊளையோடு எழுந்து அவர் மேல் பாய்ந்தது. பிறகு ஆட்டோவுக்குள் தலையை விட்டு அந்தப் பெண்மணியின் கையை நக்கியது.

அதே நாய்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாய்களின் முகபாவம் பற்றி மட்டும் மூன்று புத்தகம் படித்திருக்கிறேன். மூன்று முறை என் முன்னால் வந்து நின்ற நாயை ஒரு முறைகூட நான் பார்த்திருக்கவில்லை.

அவர் ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தை என் மேசையில் வைத்தார்.

“இங்க கழுவுற அக்கா எல்லாம் சொல்லிச்சி சார். ‘சாருக்கு இங்க இடம் இல்ல, மனசு கேக்காம எங்க ஊட்ல வச்சிப் பாத்துக்கச் சொன்னாரு’ன்னு. நீங்க இல்லன்னா இந்தத் தபாவும் ஆபரேசன் நின்னு போயிருக்கும்.”

ஆட்டோவிலிருந்து அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

அந்த அம்மா ஆறாம் அறையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. டப்பா கம்பெனிக்காரர் நாயைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார், கயிற்றைச் சுற்றினார், இன்னொரு முறை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கென்னப்பா, உடம்பைப் பாத்துக்கச் சொல்லு” என்றேன். வார்த்தைகள் சரளமாக வந்தன.

ஆட்டோ போன பிறகு அந்த அம்மாவிடம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எனக்காகச் சொன்னார், என் மானத்தைக் காப்பாற்றினார் என்று உள்ளூர ஒரு நினைப்பு.

“அன்னிக்கி அந்தண்ணன் பின்னாலயே ஓடி, நான் வச்சிக்கறேன்னேன் சார். ரோட்ல பாத்த பொம்பளைய நம்பி எப்டி உடும்? யோசிச்சினே நின்னுச்சி. அதான் உங்க பேரச் சொன்னேன். போர்டு வச்சவரு பேருன்னா நம்பும்ல. உங்களுக்கோசரம் ஒன்னும் சொல்லல.”

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். ஒரே அறை உள்ள வீட்டில், மூன்று பேர் படுக்கிற இடத்தில், பதினைந்து நாள் அந்த நாய் படுத்திருக்கிறது. பகலில் தனியாக இருக்கப் பிடிக்காமல் அவர் பின்னாலேயே வந்து, நான் தண்ணீர் வீசிய வாசலில் காத்துக் கிடந்திருக்கிறது. எல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததல்ல, நானாகக் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. கொய்யாப்பழத்தை எடுத்துப் போகச் சொன்னேன். “உங்களுக்குத்தான குட்த்துது” என்று சொல்லிவிட்டார்.

இப்போது நாட்டு நாய்களும் என் விடுதியில் தங்குகின்றன. இதைச் சொன்னதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டாம். லேப்ரடார்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் பயந்தது இல்லாத ஒன்றுக்கு என்பது இன்னும் கேவலமாக இருக்கிறது.

அந்த மனிதரை டீக்கடையில் அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்தில் நிற்பவர்களிடம், “சார்தான் அன்னிக்கி நம்மள காப்பாத்துனவரு” என்று சொல்லி வணக்கம் வைக்கிறார். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கிறேன். பிறகு டீயைக் குடிப்பதற்காகத் திறந்ததுபோல் குடித்துவிட்டு, அந்த அம்மாவுக்குச் சேர வேண்டிய வணக்கத்தை நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.