தலைக்கு ஒரு டம்ளர்

மகள் காலேஜ் முடித்ததற்கு ஒரு விருந்து வைக்கலாம் என்று போன வாரம் சமையல் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் "எத்தனை இலை சார்?" என்றார். அறுபது என்றேன். "விடுங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று வைத்துவிட்டார். அரை நிமிஷத்தில் ஒரு விருந்தே ஏற்பாடாகிவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதே மாதிரி அறுபது பேருக்காக நானும் என் தங்கை செல்வியும் ஒரு காலத்தில் பதினைந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மா ரிட்டையரானதற்கு வைத்த விருந்து அது. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவர் அம்மா. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் சேலையிலிருந்து புகை வாசம் வந்துவிடும். கூடப் படித்த பையன்கள் "உங்கம்மா சாம்பார் இன்னைக்கு சூப்பர்டா" என்பார்கள். அதற்குப் பெருமைப்படுவதா கூச்சப்படுவதா என்று எனக்கு அந்த வயதில் தெரியவில்லை. பல நாள் கூச்சம்தான் பட்டிருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் சரி, வீட்டிலும் சரி, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடியில் இருப்பதை வழித்து, நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்வார். கேட்டால், "எல்லாரும் தின்னாத்தான் எனக்கு எறங்கும்" என்பார். அதனால் செல்வி ஒரு சட்டம் போட்டாள்.

"அன்னைக்கு அம்மா அடுப்புப் பக்கமே வரக்கூடாது. மொத பந்தியில மொத எலை அம்மாவுக்குத்தான். அதுல மாத்தமே இல்ல."

அப்போது நான் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் சாம்பார். வாடிப்பட்டியிலிருந்து மாமா, "கறி இல்லாம என்னடா விருந்து?" என்று கேட்டபோது, "டீச்சர்மாருக வாராக மாமா" என்று பெரிய மனுஷன் மாதிரி சமாளித்தேன்.

கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்யவே இரண்டு ஞாயிறு போயிற்று. உடைந்த ஓடு, துருப்பிடித்த சைக்கிள், எதற்கென்றே தெரியாமல் கிடந்த ஒரு கதவு. எல்லாவற்றையும் அகற்றியதும் வேப்பமரத்தடியில் இம்புட்டு இடம் இருந்ததா என்று நாங்களே அசந்துவிட்டோம். செங்கல் அடுக்கி இரண்டு அடுப்பு போட்டோம். அண்டாவும் பெஞ்சும் வாடகைக்கு வந்தன. காலையில் செல்வி தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம் போட்டாள். அதை மிதிக்காமல் அடுப்புக்குப் போகவே முடியாது. போகும்போதும் வரும்போதும் மிதித்தேன், திட்டும் வாங்கினேன்.

அம்மாவை முன்னறையில் உட்காரவைத்திருந்தோம். உடம்பு அங்கே இருந்தாலும் மூக்கு முழுக்க எங்களிடம்தான் இருந்தது. "கடுகு கருகுதுடா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். உண்மையிலேயே கருகிக்கொண்டிருக்கும்.

அரிசி எவ்வளவு போடுவது என்று மட்டும் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அப்புறம் அவர் சமைத்த மாதிரி ஆகிவிடுமே. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன். அம்மா அளக்கிற நசுங்கிய அலுமினிய டம்ளர் வீட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைக்கு ஒன்று என்று அவர் அளப்பதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அறுபது டம்ளர் போட்டு, கைகாவலாக இன்னும் ஐந்து போட்டேன். அந்த ஐந்தை நினைத்து எனக்கு ஒரே கர்வம்.

மதியம் முதல் பந்தி உட்கார்ந்தது. முதல் இலையில் அம்மா, பக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர். சோறு வைத்தேன். அம்மா இலையைப் பார்க்கவில்லை, மரத்தடி அண்டாவையே பார்த்தார்.

"எம்புட்டுடா போட்ட?"

"தலைக்கு ஒரு டம்ளர்மா."

"எந்த டம்ளரு?"

சொன்னேன்.

"அடப்பாவி, அது ஒன்னாப்புப் பிள்ளைக அளவுடா! வாடிப்பட்டிக்காரவுகளுக்கு அது எந்த மூலைக்கு?"

இந்தப் பந்திக்கு வரும், நிற்கிற நாற்பது பேருக்கு வராது. எனக்கு வியர்த்துவிட்டது. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். செல்வி ஓடிவந்து தோளை அழுத்தினாள். அவள் கண் கலங்கிவிட்டது. பதினைந்து நாள் பாடு இந்த ஒரு இலைக்குத்தானே.

அதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார். தன் இலையை மூடவில்லை, தள்ளி வைத்தார். பட்டுச்சேலையை இழுத்துச் செருகினார்.

"மாரியம்மா, உக்காருங்க. அரிசி களைய எனக்கும் தெரியும்."

"டீச்சர், நீங்க போயி..."

"ஒலை எப்பப் போடணும்னு மட்டும் சொல்லுங்க."

டீச்சர் குனிந்து அரிசி களைந்ததை வந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் பரீட்சை வைத்த டீச்சர், தண்ணீர் கொதித்ததும் "இப்பப் போடலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டினார்.

ஆனாலும் அம்மாவின் கை சோற்றுக்குப் போகவில்லை. "வந்தவுக பசியா நிக்கையில எனக்கு எப்பிடி எறங்கும்?" என்றார். வாடிப்பட்டி மாமாதான் முன்னால் வந்தார்.

"யக்கா, நீ சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் நாங்க ஒருத்தரும் ஒக்காரப் போறதில்ல. பாத்துக்க."

யாரும் உட்காரவில்லை. அம்மா ஒரு கவளம் எடுத்தார். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் என்னை நிமிர்ந்து பார்த்து, "ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். வாழ்க்கையில் அம்மா என்னிடம் இன்னும் வேண்டுமென்று கேட்டு வாங்கியது அன்றைக்கு மட்டும்தான். அவசரமாக ஊற்றியதில் பாதி ரசம் இலைக்கு வெளியே போயிற்று.

டீச்சர் வடித்த சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. மாமா அதைத்தான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

கொல்லைப்புறம் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாடகைக்கு விட ஒரு வீடு கட்டிவிட்டோம், வேப்பமரமும் போயிற்று. டீச்சர் மகளோடு கோயம்புத்தூர் போய், அங்கேயே காலமாகிவிட்டார். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. சாகிறவரைக்கும் அவர் பழையபடி நின்றுதான் சாப்பிட்டார், எங்களால் மாற்ற முடியவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அம்மா உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நாற்பது பேர் பசியோடு நின்றார்கள்.