நுனி கறுப்பு, அடி தேன்

ஓட்வார் முப்பத்தேழு வருடம் நாம்சோஸ் ஊர் மர ஆலையில் கட்டை அளந்தவர். கட்டையை அதன் மெலிந்த நுனியில்தான் அளப்பது. அடி எவ்வளவு பருத்திருந்தாலும் கணக்கில்லை. ஓய்வுபெற்றபின் வட்டாரப் பூனைச் சங்கத்தின் பதிவேடு அவர் கைக்கு வந்தது. 'காட்டுப் பூனை' என்று பெயர்கொண்ட வீட்டுப் பூனை இனத்தின் குட்டிகளுக்குப் பன்னிரண்டு வாரம் ஆனதும் வீடு தேடிப் போவார். நிறம், வரி, வெள்ளைத் திட்டு எல்லாம் பார்த்து எழுதுவார். முதுகில் ஒரு கொத்து முடி வெட்டி அட்டையில் ஒட்டுவார். அவர் வீட்டில் பூனை கிடையாது. கம்பளிச் சட்டையில் முடி ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. பதினோரு வருடத்தில் அந்தப் பதிவேட்டில் ஓர் அடித்தல்கூட விழவில்லை.

1996 மார்ச்சில் தோர்டிஸின் பூனை விவகாரம் வந்தது. தோர்டிஸ் மீன் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். வீட்டில் ஏழு பூனைகள். அதில் ஒன்றைக் குட்டியாக இருந்தபோது ஓட்வார் 'முழுக் கறுப்பு' என்று பதிந்திருந்தார். பத்து மாதத்தில் அது தேன் நிறத்தில் நின்றது. செத்துப்போன குட்டியின் பத்திரத்தை வைத்து எங்கோ பிடித்த பூனையை அதுதான் என்று காட்டுகிறாள் என்று ஊர் பேசிற்று. ஞாயிறு ஆண்டுக்கூட்டத்தில் அவளையும் அவள் பூனைகளையும் பதிவேட்டிலிருந்து நீக்கத் தீர்மானம் வரவிருந்தது.

வெள்ளிக்கிழமை ஓட்வார் போனார்.

"நீயும் வேடிக்கை பார்க்க வந்தியா? செருப்பைக் கழட்டிட்டு வா" என்றாள், வாஃபிள் மேல் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டே.

"இது அதே குட்டிதானா, தோர்டிஸ்?"

"கறுப்புன்னு எழுதினது யாரு? நானா? பூனையையே கேளு, உன்கிட்டயாவது உண்மையைச் சொல்லுதான்னு பாப்போம்."

ஓட்வார் பூனையின் பாதத்தைத் திருப்பினார். உள்ளங்கால் இன்னும் கறுப்புதான். கண்ணோரமும் கறுப்பு. ஒரு கொத்து முடி வெட்டி உறையில் போட்டுக்கொண்டு, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். பழைய கொத்தின் நுனி கறுப்பு. பசை பட்டிருந்த அடிப்பக்கம் தேன். புதிய கொத்தும் அதே தேன்தான். கறுப்பு மட்டும் உதிர்ந்துபோயிருந்தது. அன்றைக்கே தேன் நிறம் அங்கே இருந்திருக்கிறது. அவர் நுனியை மட்டும் பார்த்திருக்கிறார்.

கூட்டத்தில் தலைவர் ஐனார் கேட்டார்: "ஓட்வார், நீ எழுதினது கறுப்பா இல்லையா?"

"எழுதினது கறுப்பு. பார்த்தது நுனியை. குட்டி அதேதான். தப்பு என்னோடது."

அட்டையும் கண்ணாடியும் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றின.

"அப்போ நீ எழுதின மத்த பூனைங்க?" என்றது பின்வரிசை.

"நாளையிலிருந்து ஒவ்வொண்ணாப் பார்க்கணும். நானூத்திப் பன்னிரண்டு அட்டை."

தீர்மானத்தை ஐனார் மடித்துப் பையில் வைத்தார். ஓட்வார் பதிவேட்டைத் திறந்து 'முழுக் கறுப்பு' என்பதை அடிக்கோல் வைத்துக் கோடிட்டு அடித்தார். அந்த நிறத்துக்குச் சங்கத்தில் பெயர் இல்லாததால், 'நுனி கறுப்பு, அடி தேன்' என்று எழுதித் தேதியிட்டார்.

தோர்டிஸ் அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"அடிக்கிறதுக்குக்கூட அடிக்கோலா?"

"வேற எதை வச்சு அடிப்பாங்க?" என்றார் ஓட்வார்.