பிளானில் இல்லாத கோடு

கோடக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள். அடிக்கத்தான் கழற்றுகிறாள் என்று நினைத்து ஓட்டம் எடுத்தவர்கள் உண்டு. அதெல்லாம் இல்லை. வெறுங்காலில் நின்றால்தான் தனக்குப் பேச்சு சரளமாக வரும் என்பாள். இருபத்திரண்டு வருடமாகச் சாலையிலேயே நின்று வேலை பார்த்தவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

நகராட்சியில் சாலைக்குக் கோடு போடுகிறவள் அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. முதலில் ஜல்லி சுமக்கத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் கோடு போடுகிறவர் வரவில்லை. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். இவள் போய்க் கயிற்றை எடுத்தாள், சுண்ணாம்புத் தூளில் புரட்டினாள், ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆளை உட்கார வைத்தாள், மறுமுனையில் தானே குந்தினாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் கயிற்றைச் சுண்டிவிட்டாள். தெரு நெடுக நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு விழுந்தது. மறுநாளிலிருந்து மேஸ்திரி ஜல்லிக் கூடையை அவள் பக்கம் நகர்த்தவே இல்லை.

இப்போது வேலை மாறிவிட்டது. வெள்ளைத் தூளைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சி, அந்தக் குழம்பைத் தள்ளுவண்டிப் பெட்டியில் ஊற்றிச் சாலைமேல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆறுவதற்குள் மேலே கண்ணாடித் தூள் தூவ வேண்டும். இருட்டில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுவது அதுதான். கொப்பரையைக் கவனிக்கிற அண்ணனுக்கு இரண்டு புருவமும் எப்போதோ கருகிப் போய்விட்டன. அதனால் எதைச் சொன்னாலும் அவர் முகத்தில் ஆச்சரியமே தெரியாது.

கோடக்கா கல்யாணம் செய்துகொண்ட கதையும் ஒரு கோட்டில்தான் ஆரம்பித்தது. பெரிய சாலையில் ஒரு பக்கம் நகராட்சி ஆபீஸ். எதிர்ப்பக்கம் ஒரு சாவிக் கடை, கடை என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து கையை நீட்டினால் நாலு சுவரும் தட்டுப்படுகிற பெட்டி. அதன் எதிரே ஜனங்கள் கடக்கிற கிராசிங் போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: “அம்மா, மூணாவது பட்டை கோணலா இருக்கு!”

அவ்வளவுதான், செருப்பு கழன்றது. “ஏன்யா, உட்கார்ந்த இடத்துலேர்ந்து உனக்குக் கோணல் தெரியுதா?” என்று எகிறினாள். சாவிக்காரர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து வெளியே வந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. தொடை வரைக்கும் இரும்புக் கம்பி. பட்டைக்குப் பக்கத்தில் வந்து கோலின் நுனியால் காட்டினார். அளந்து பார்த்தால் நிஜமாகவே ஒரு விரற்கடை தள்ளியிருந்தது. அன்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே அந்தப் பட்டையைத் திருத்திப் போட்டாள். ஒரு விரற்கடையைக் கண்ணால் பிடிக்கிற ஆளை ஊரில் வேறு எங்கே தேடுவது? அந்த வருடமே அவரைக் கட்டிக்கொண்டாள். வீடு ஆபீஸ் பக்கத்துச் சந்தில் அமைந்தது. அதாவது, அவர் கடைக்குப் போகவும் சாப்பிட வரவும் திரும்பப் போகவும் ராத்திரி வீடு சேரவும், ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் கிராசிங்கில் கடக்க வேண்டும். பதினைந்து வருடம் கடந்தார். லாரிக்காரர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். கோலைத் தூக்கிக் காட்டினால் பிரேக் போடுவார்கள்.

பிறகுதான் மன்றத்தில் அந்தத் தீர்மானம் வந்தது. பெரிய சாலையை நாலு தடமாக அகலப்படுத்துவது, வண்டிகள் நிற்காமல் போவது, ஜனங்கள் கடக்க மேலே ஒரு நடைப்பாலம், பாலத்துக்கு இரண்டு பக்கமும் லிஃப்ட், லிஃப்டுக்குச் சேவைக் கட்டணம். எல்லாம் ஒரே மூச்சில், அரை மணி நேரத்தில் நிறைவேறிவிட்டது. கை தூக்கிய உறுப்பினர்களில் ஒருத்தராவது அந்தச் சாலையை நடந்து கடந்ததுண்டா என்று கேட்காதீர்கள். எனக்கும் கோபம் வரும்.

சாலை அகலமாகிப் பாலமும் எழுந்ததும், இனி யாரும் கீழே கடக்கக் கூடாது, மேலேதான் போக வேண்டும் என்றார்கள்; கட்டணம் பெரிதில்லை, ஒரு டீக்காசுதான் என்றார்கள். சரி. இந்தப் பக்கம் ஏற ஒன்று, அந்தப் பக்கம் இறங்க ஒன்று. சாவிக்காரருக்கு ஒரு நாளைக்கு எட்டு டீ. அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கலாம். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு லிஃப்ட்காரர் பூட்டிக்கொண்டு போய்விடுவார். சாவிக் கடைக்கு வியாபாரமே ஆறு மணிக்கு மேல்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான் சாவி தொலைந்தது தெரியும். கடையை அடைத்துவிட்டு அவர் எப்படி வீடு வருவது? படி நாற்பத்தெட்டு. ஒரு நாள் ஏறிப் பார்த்தார். நடு மேடையில் கோல் வழுக்கி விழுந்து, இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து வந்து நின்றார். சாவி அரத்தைப் பிடிக்கிற கை அது. அவள் மருந்து போட்டுவிட்டாள்.

சலுகை கேட்டு ஆபீசுக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்தவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். “பாஸ் உண்டுங்க. வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கால் இன்னும் சரியாகலைன்னு டாக்டர் சர்டிபிகேட் வேணும்.”

“ஏன் சார், அடுத்த வருஷம் புதுக் கால் முளைச்சிடும்னு ஏதாச்சும் தீர்மானம் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார் சாவிக்காரர். கவுண்டர்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாஸ் இருந்தாலும் ஆறு மணிக்குப் பூட்டு பூட்டுதான்.

“கடைய இந்தப் பக்கம் மாத்திடலாமா?” என்று அன்றைக்கு வீட்டில் கேட்டார் அவர். குரலில் வழக்கமான கேலி இல்லை. இந்தப் பக்கம் கடை வாடகை அவருக்குக் கட்டாது. அது இரண்டு பேருக்கும் தெரியும். மாற்றுவது என்றால் மூடுவது.

“ஏங்க, கிராசிங் இன்னும் அங்கதான இருக்கு? நான் போட்ட கிராசிங். யாரு என்ன பண்ணுவா பாப்போம்,” என்றாள்.

யார் என்ன பண்ணுவார் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. சின்ன இன்ஜினியர் வந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன், சட்டைப் பையில் மூன்று பேனா. “கோடக்கா, சாவிக் கடை எதிர்ல இருக்கிற அந்தக் கிராசிங்கக் கறுப்பு அடிச்சு அழிச்சிடுங்க. இந்த வாரத்துக்குள்ள. பாலத்த நகராட்சித் தலைவர் திறந்து வெச்சும் ஒரு ஆளும் ஏற மாட்டேங்குறாங்களாம். எல்லாரும் கீழயே போறாங்க.”

“அழிச்சிடலாம் சார். ஆர்டர் குடுங்க.”

“ஆர்டர் எதுக்கு? புது பிளான்ல அங்க கிராசிங்கே இல்லியே. இல்லாத ஒண்ண எடுக்கிறதுக்கு எப்படி ஆர்டர் போடுறது?”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “நல்லாயிருக்கு சார் நியாயம்! இல்லாத ஒண்ண நான் மட்டும் எப்படி அழிக்கிறது?”

கொப்பரை அண்ணன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் அவள் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு வரி எழுதினாள். ‘சாவிக் கடை எதிரே உள்ள கிராசிங்கை அழிக்கும்படி உத்தரவிடுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம் விட்டாள். அதை எடுத்துக்கொண்டு ஆபீசில் மேசை மேசையாக அலைந்தாள். சின்ன இன்ஜினியர் பெரிய இன்ஜினியரைக் கைகாட்டினான். பெரிய இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அது திட்டப் பிரிவு விஷயம் என்றார். திட்டப் பிரிவு போக்குவரத்துப் பிரிவைக் காட்டியது. போக்குவரத்துப் பிரிவில் இருந்தவர், “நாளைக்கு எவனாச்சும் அடிபட்டா என் கையெழுத்துதானம்மா மாட்டும்?” என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பாவம், அவர் ஒருத்தர்தான் நேர்மையான ஆள்.

கடைசியில் பதிவேட்டு அறை. அங்கே இருக்கிற அம்மாவுக்கு ஓய்வு பெற எட்டு மாதம் பாக்கி, யாரிடமும் பயமில்லை. தாளை வாங்கிப் படித்தாள். “இதுல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. இருக்கிற கிராசிங்க எடுக்கணும்னா ஊர்ல அறிவிப்பு ஒட்டணும், முப்பது நாள் ஆட்சேபம் கேக்கணும், ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதணும். அதுக்குப் பயந்துதான் பிளான்லயே காட்டாம விட்டுட்டாங்க. நீ வாய்மொழியா அழிச்சிட்டன்னு வெச்சுக்க, கேட்டா, இருந்ததேயில்லைன்னு சொல்லிடுவாங்க.”

“அப்ப அது இருக்குன்னு எந்தக் காகிதத்துலயும் இல்லியா?”

“உன் கொப்பரையில இருக்கு,” என்றாள் அந்த அம்மா.

கோடக்கா அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு, ஊரே பார்க்கிற நேரத்தில், பெரிய சாலையில் கூம்புகளை வைத்தாள். நாலு தடத்தையும் நிறுத்தினாள். கொப்பரை அண்ணனிடம் விஷயத்தை ஒளிக்கவில்லை. “அண்ணே, வேலை போனாலும் போகும். நீங்க வேணா இன்னைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க,” என்றாள். அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

பழைய பட்டைகளின் மேலேயே போட்டாள். சாலை அகலமானதால் கூடுதலாக ஏழு பட்டை தேவைப்பட்டது; அதையும் போட்டாள். முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் பார்த்தாள். வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, “யாருக்கும்மா இவ்ளோ அவசரமா?” என்று கேட்டார். “என் வீட்டுக்காரருக்கு,” என்றாள். அவர் போய் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டார்.

குழம்பு ஆறியதும் சாவிக்காரர் கடையிலிருந்து கிளம்பினார். கோல், கால், கோல், கால். நடுவில் நின்று குனிந்து பார்த்தார். “என்ன, கோணலா?” என்று கத்தினாள் அவள். “ஒண்ணும் சொல்றதுக்கில்ல போ!” என்றார்.

பன்னிரண்டு மணிக்குள் ஆணையர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஆணையர், இரண்டு இன்ஜினியர்கள், திட்டப் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு என்று ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆணையர் அதட்டுகிற மனிதர் இல்லை, பூசி மெழுகுகிறவர். “பாரும்மா, உன்மேல எங்களுக்கு ஒண்ணும் வெறுப்பு இல்ல. கவனக்குறைவா பழைய இடத்துல அடிச்சிட்டேன், மறுபடி கறுப்பு அடிச்சிடறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. எச்சரிக்கையோட விட்டுடலாம்.”

இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு விரற்கடை தவறியவளிடம் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? அவள் பேனாவை வாங்கினாள். எழுதினாள்: ‘நன்றாகக் கவனித்து, தெரிந்தேதான் போட்டேன். என் புருஷனும் ஊராரும் கடக்கிற இடம் அது. அழிக்க மாட்டேன்.’ கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைத்தாள்.

ஆணையர் படித்தார். அவர் கழுத்து சிவந்தது. “மூணு மாசம் உனக்கு வேலை கிடையாது. போ.”

“இதையாச்சும் எழுதிக் குடுங்க சார்,” என்றாள்.

எழுதிக் கொடுத்தார்கள். நேற்று ஒரு கையெழுத்துக்கு நாயாய் அலைந்தவளுக்கு இன்று கால் மணி நேரத்தில் ஐந்து கையெழுத்து, வட்ட முத்திரையோடு. திட்டப் பிரிவும் போட்டது, போக்குவரத்தும் போட்டது. தண்டிக்கிறது என்றால் எப்படி ஒற்றுமை பாருங்கள்!

அவள் நேரே எதிர்ப்பக்கம் போய்க் கடை வாசலில் உட்கார்ந்தாள். மூன்று மாதச் சம்பளம் போனது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழவும் செய்தாள். சாவிக்காரர் தாளை வாங்கி, சாவிப் பல்லைப் பார்க்கிற மாதிரி கண்ணுக்குக் கிட்டே வைத்து, சத்தமாகப் படித்தார். “பிரதான சாலையில் சாவிக் கடை எதிரே பல்லாண்டுகளாக இருந்துவரும் பாதசாரிகள் கடக்கும் பட்டையை, மேலதிகாரிகளின் ஆணையின்றிப் புதுப்பித்த குற்றத்துக்காக...” நிறுத்தினார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். “ஏய், அழாத. இங்க கிராசிங் இருக்குன்னு அஞ்சு பேரு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கானுங்க. பிளான்லயே இல்லாததுக்கு!”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி எடுத்தாள். ஒன்றைப் பதிவேட்டு அம்மாவிடம் கொடுத்து வரவு முத்திரை வாங்கினாள். ஒன்றை நடைப்பாலத்துக் கட்டணப் பலகைக்குக் கீழே ஒட்டினாள். மிச்சத்தைக் கடை கடையாகக் கொடுத்தாள். இனி அந்தக் கிராசிங்கை எடுப்பதென்றால் அறிவிப்பு ஒட்ட வேண்டும், முப்பது நாள் ஊரைக் கேட்க வேண்டும், ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுத வேண்டும்.

ஆபீசில் இதை உணர ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலு மணிக்குச் சின்ன இன்ஜினியர் ஓடி வந்தான். பாலத்தில் ஏறவில்லை, அவசரத்தில் கிராசிங் மேலேயே நடந்து வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“கோடக்கா, அந்த ஆர்டரக் குடுங்க. ஒரு சின்னத் தப்பு ஆயிடுச்சு. தண்டனை எதுவும் இல்லைன்னு ஆணையர் சொல்றாரு. நாளைக்கே வேலைக்கு வரலாம். அந்தத் தாள மட்டும்...”

மூன்று மாதச் சம்பளமே அவன் நீட்டிய கையில் இருந்த மாதிரி இருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, உன் இஷ்டம் என்பது போலக் கையை விரித்தார். உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை.

“இப்ப நான் வேலையில இல்லியே சார்,” என்றாள் கோடக்கா. “எதையும் திருப்பி வாங்கணும்னா எழுதிக் கேளுங்க. அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டு.”

அவன் திரும்பினான். சாலை ஓரத்தில் தயங்கினான். நாலு தடத்திலும் வண்டிகள் சீறிக்கொண்டு போயின.

“கைய நல்லாத் தூக்கிக் காட்டுங்க சார்,” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் சாவிக்காரர். “நிப்பாங்க.”