மரியாதையான காமாலை

என் இருதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று நம்பினேன். ஓட்டை எந்த இடத்தில் என்பதுகூடத் தெரியும்: சட்டைப் பைக்கு நேர் கீழே. அதனால் பையில் பேனா வைப்பதை விட்டுவிட்டேன். பேனாவின் பாரம் தாங்காமல் அது நின்றுபோனால் யார் பொறுப்பு? இப்படி நம்பியவன் பி.எஸ்சி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சேலத்தில் விடுதியில் தங்கியிருந்தேன். இரண்டாம் ஆண்டுப் பரீட்சை நெருங்க நெருங்க, வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு பம்புசெட் மாதிரி அடிக்கும். விரல்கள் மரத்துப்போகும். மூச்சு பாதியிலேயே நின்றுகொள்ளும். கதவோரத்து பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். செத்தால் தூக்கிப்போகிறவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது பாருங்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல தம்பி, வாயு" என்று டானிக் எழுதிக்கொடுத்தார். வாயு வந்தவன் எவனாவது, தன் டிரங்குப் பெட்டி யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யோசிப்பானா? நான் யோசித்தேன்.

அறைத்தோழனுக்குச் சேலம் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊர். வீட்டில் தறி. எனக்கு அந்த நெஞ்சடிப்பு ஆரம்பித்தால் மற்றவர்கள் விலகிப்போவார்கள். அவன் மட்டும் பக்கத்தில் வந்து உட்காருவான்.

"மாப்ள, சாவறதுன்னா ஞாயித்துக்கிழமை சோத்துக்கு அப்பறம் சாவு. மெஸ்ஸுல கோழி."

சொல்லிக்கொண்டே எழுப்பி மைதானத்தைச் சுற்றி நடக்க வைப்பான். நடந்தால் அடங்கும். அது எப்படி அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாதிரிப் பரீட்சையில் பாதியில் எழுந்து ஓடினேன். வார்டன் ஊருக்குச் சொல்லி அனுப்பினார். அப்பா வந்து வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டார்.

"என்னடா பண்ணுது?"

"பயமா இருக்குதுங்கப்பா."

"எதுக்கு?"

"தெரியலீங்க."

அப்பா முதலில் செய்த காரியம், யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிப் பார்த்ததுதான். அக்காவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். காரணமில்லாமல் பயந்து படிப்பை விட்டு வந்த தம்பி என்று வெளியே தெரிந்தால், குடும்பத்துக்கே மூளை சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கழன்றுகொள்வார்கள். பஸ் ஏறுவதற்குள் அப்பா முடிவுக்கு வந்துவிட்டார்.

"யாரு கேட்டாலும் மஞ்சக்காமாலைன்னு சொல்லோணும். கேட்டுதா?"

காமாலை மரியாதையான நோய். யாருக்கும் வரலாம், போய்விடும், பரம்பரையைச் சந்தேகிக்க வைக்காது. ஆனால் எங்கள் பக்கத்தில் காமாலை என்ற பேச்சு எழுந்தால் ஊரில் அத்தனை பேரும் வைத்தியர்கள் என்பதை அப்பா மறந்துவிட்டார். கீழாநெல்லி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் ஊற்றினார்கள். உப்பில்லை, எண்ணெய் இல்லை. இருதயத்துக்காகப் பயந்தவன், நாக்கு செத்துக் கிடந்தேன். வந்தவர் முன்னால் பத்தியத்தை மீறினால் குட்டு உடையும் என்று அம்மா ஊறுகாய்ச் சாடியை ஒளித்து வைத்தாள்.

ஒருநாள் மாப்பிள்ளையின் தாயாரே நலம் விசாரிக்க வந்தார். என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, மஞ்சளே காணமுங்களே?"

"எறங்கிருச்சுங்க" என்றார் அப்பா.

"எறங்குனாலும் சூடு போட்டரோணுமுங்க. இல்லாட்டி மறுக்கா வந்துரும். எங்கூர்ல கைராசியான ஆளு இருக்கறாரு, அனுப்பி வெக்கறேன்."

வரப்போகும் சம்பந்தியின் சொல்லைத் தட்டுவதா? அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ஆகட்டுங்க" என்றார்.

சூடு போடும் ஆள் வந்த அன்று என்னைப் பார்க்க அறைத்தோழனும் வந்திருந்தான். அடுப்பில் கம்பி காய்ந்துகொண்டிருந்தது. சூடு போட என் ஒரு கையை அந்த ஆள் நீட்டிப் பிடித்திருந்தார். என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. நியாயமான காரணத்தோடு அது அடித்தது அன்றைக்குத்தான். அவன் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்தான்.

"எனக்கும் வரும்டா மாப்ள. மொத வருசத்துலருந்தே. அதுக்குத்தான் நடப்பேன்."

அந்த நிமிஷம் என் நெஞ்சு ஒழுங்காக அடித்தது. டாக்டரும் டானிக்கும் கீழாநெல்லியும் செய்யாததை அவனுடைய ஒற்றை வாக்கியம் செய்தது.

"உங்க ஊட்ல சொல்லீட்டயா?" என்றேன்.

அவன் கம்பியைப் பார்த்தான். என் முழங்கையைப் பார்த்தான்.

"சொல்லி?" என்றான்.

தோல் கருகும் வாசனை வந்தது. அக்காவுக்கு நிச்சயம் ஆனது. நான் கல்லூரிக்குத் திரும்பினேன். இருவருமாக மைதானத்தைச் சுற்றினோம். பார்த்தவர்கள் உடற்பயிற்சி என்று நினைத்தார்கள். "ஹாலுல நீ கதவோரம், நான் சன்னலோரம். எவன் மொதல்ல ஓடறானோ அவன் போண்டா வாங்கித் தரோணும்" என்று அவன் பந்தயம் வைத்தான்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஊருக்குப் போனவன் வரவில்லை. ஹாலில் சன்னலோரம் காலியாகக் கிடந்தது. நெஞ்சு அடித்தது. அது அடிக்க அடிக்க எழுதினேன்.

கடைசித் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு இளம்பிள்ளைக்கு பஸ் ஏறினேன். தறிச் சத்தத்துக்கு மேலே அவன் அம்மா குரலை உயர்த்திச் சொன்னார்: "வா சாமி. அவனுக்கு ஒடம்புக்கு முடியல. மஞ்சக்காமாலை."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. முழங்கைக்குக் கீழே புதுப்புண். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

என் இருதயத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அவன் மறுபடி கல்லூரிக்கு வரவில்லை.