இடம் பிடிக்க எறிந்த பை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் முதலில் பயம் வரும், அப்புறம்தான் சிரிப்பு வரும்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விக்கிரமசிங்கபுரத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைப்பு. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். வெளியூர் கிளம்பினால் கேஸை மூடினேனா என்று மூன்று தடவையாவது திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பஸ் ஏறும்போதே வண்டி நம்பரை மதுரையில் இருக்கும் மகளுக்கு அனுப்பிவிடுவேன். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்னைத் தேட வேண்டுமே! "எம்மா, நீ அனுப்புத நம்பர்ல என் போனே ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி ஆயிட்டு" என்று அவள் கேலி செய்வாள்.

அன்று மிக்சி ஜாரைப் பழுது பார்த்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப நின்றிருந்தேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் பாபநாசம் வண்டிக்குக் கூட்டம் அலைமோதியது. அப்போது என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். முதுகில் அவள் உயரத்தில் முக்கால்வாசிக்கு ஒரு பெரிய மூட்டைப் பை, முன்னால் மார்போடு ஒரு சின்னப் பை. கூட யாருமில்லை. யார் பெற்ற பிள்ளையோ, இந்தக் கூட்டத்தில் தனியாக வந்து நிற்கிறதே!

என்னைப் பார்த்துச் சிரித்தாள். கைபேசியில் எதையோ பேசி என் முன்னால் நீட்டினாள். அது செய்தி வாசிக்கிற குரலில் தமிழ் பேசியது. "நான் போலந்து நாட்டிலிருந்து இன்று காலை முதன்முறையாக உங்கள் நாட்டிற்கு வந்துள்ளேன். நான் பாபநாசம் அருவியைக் காண விரும்புகிறேன்."

காலையில் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி வந்திருக்கிறாள். தமிழ்நாட்டில் அவள் ஏறப்போகும் முதல் பஸ். இவளை எப்படியாவது உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்று நானே பொறுப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். அவள் தண்ணீர் குடிப்பதற்காகச் சின்னப் பையைக் கழற்றியபோது, "குடு தாயி, நான் வச்சுக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டேன். அவளும் தலையாட்டினாள்.

அந்த நேரம் ஒரு வண்டி உள்ளே நுழைந்தது. எல்லாரும் ஓடினார்கள். துண்டு, கைக்குட்டை, வயர்கூடை என்று ஜன்னல் வழியாகப் பறந்தன. நம் ஊர்ப் பழக்கம்தான் தெரியுமே! வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாக எதையாவது போட்டுவிட்டால் அந்த இடம் நமக்கு. நானும் ஓடினேன். என் கையில் இருந்ததோ மிக்சி ஜார். எறிந்தால் உடையும். இன்னொரு கையில் அந்தப் பெண்ணின் பை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எட்டி, ஜன்னலோர சீட்டில் விழும்படி அதை எறிந்துவிட்டேன்!

எறிந்த பிறகுதான் படிக்கட்டுக்கு ஓடினோம். அங்கே கால் வைக்க இடமில்லை. படியில் தொங்கிக்கொண்டிருந்தவரிடம், "பாபநாசம் வண்டிதான அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இது திருச்செந்தூர் வண்டி, அக்கா!"

அமாவாசைக்குப் பாபநாசம் ஆற்றில் முழுக்குப் போடுகிறவர்களும் திருச்செந்தூர் கடலில் முழுக்குப் போடுகிறவர்களும் ஒரே இடத்தில் நின்றதில், யார் எந்த வண்டிக்கு ஓடினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. நான் கத்துவதற்குள் விசில் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் வெளிறியிருந்தது. "பாஸ்போர்ட்" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளை வந்த முதல் நாளே அதன் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டேனே! போலீஸ், கேஸ், ஜெயில் என்று மனசு எங்கெங்கோ போய்விட்டது.

வண்டி நேரம் பார்க்கிற அறைக்கு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே இருந்த பெரியவர் நான் அழுது முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார்.

"அடுத்தவங்க பையத் தூக்கியா எறிஞ்சிய?"

"ஆமா அண்ணாச்சி."

"போர்டு பாத்தியளா?"

"பாக்கல அண்ணாச்சி. ஆனா வண்டி நம்பர் தெரியும்." எழுத்து, எண் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னேன். வண்டி கிளம்பிப் போகும்போதும் என் கண் பழக்கதோஷத்தில் நம்பரைத்தான் பார்த்திருக்கிறது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போர்டப் பாக்காம நம்பரப் பாக்குத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்." சொல்லிவிட்டுக் கண்டக்டருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. "டிக்கெட் கிழிச்சிட்டு இருப்பான். நான் விடாம அடிக்கேன். உங்க நம்பரச் சொல்லிட்டு ஒரு ஆட்டோவப் பிடிச்சிப் பின்னாலயே போங்க."

ஆட்டோவில் ஒரு பக்கம் அவளுடைய மூட்டைப் பை, நடுவில் அவள், இந்தப் பக்கம் நான், என் மடியில் மிக்சி ஜார். விஷயத்தைக் கேட்ட ஆட்டோக்காரத் தம்பி பறந்தான். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. நான் வாய்விட்டே அழ ஆரம்பித்தேன்.

"எக்கா, பையத் தொலைச்ச பிள்ள கம்முனு இருக்கு. நீங்க என்னத்துக்கு இப்படி அழுதிய?" என்றான் ஆட்டோக்காரன்.

அந்தப் பெண் கைபேசியில் ஏதோ பேசி என் காதுப் பக்கம் வைத்தாள். "தயவுசெய்து மூச்சு விடவும்" என்றது அது. ஆட்டோக்காரன் சிரித்த சிரிப்பில் ஆட்டோவே ஒரு ஆட்டம் ஆடியது.

அந்த நேரத்தில் மகள் வேறு கூப்பிட்டாள். "எம்மா, ஏறிட்டியா? இன்னும் நம்பர் வரலியே?" ஆட்டோ நம்பரை அனுப்பவா, பஸ் நம்பரை அனுப்பவா என்று தெரியாமல், "அப்புறமா பேசுதேன்" என்று வைத்துவிட்டேன்.

ஊரைத் தாண்டியதும் பெரியவரின் போன் வந்தது. கண்டக்டர் கிடைத்துவிட்டார். போகிற வழியில் செய்துங்கநல்லூரில் வண்டியை நிறுத்தி வைப்பார், ஆனால் அஞ்சே நிமிஷம்தான், அதற்கு மேல் நின்றால் சனம் அவரை அடிக்கும் என்று சொன்னார். பை இருக்கிறதா என்று கேட்டேன். "கூட்டத்துல அவனால பின்னால போவ முடியல, போய்ப் பாத்துக்கிடுங்க" என்றார். வழியில் யார் யாரோ இறங்கியிருப்பார்களே! ஒருத்தர் எடுத்துக்கொண்டு இறங்கினாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

செய்துங்கநல்லூரில் வண்டி நின்றிருந்தது. ஜன்னல்களில் எல்லாம் கோபமான முகங்கள். கண்டக்டர் கீழே நின்று, "சீக்கிரம் வாங்கம்மா, என்னையக் கொல்லப் போறாவ" என்று கையாட்டினார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நெருக்கிக்கொண்டு ஏறினேன்.

உள்ளே மூச்சு முட்டும் கூட்டம். அத்தனை நெருக்கடியிலும், இடப்பக்கம் ஒரு ஜன்னலோர சீட்டில் யாருமே உட்காரவில்லை. நான் எறிந்த அந்தச் சின்னப் பை மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதற்கு அடுத்த இடத்தில் கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு அம்மா இருந்தார். திருச்செந்தூர் பக்கம் மணப்பாட்டுக்காரர். என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அது? ஒரு பையப் போட்டுட்டு எங்க போயிட்ட? பாளையங்கோட்டைல ஏறுனவன் எல்லாம் உக்கார வாரான். ஆள் வருது, ஆள் வருதுன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டத் தண்ணி வத்திட்டு!"

பின்னால் நின்ற ஒருவர், "ஆமா, நான் ரெண்டு தடவ கேட்டேன். அடிக்க வந்துட்டாவ" என்றார். பஸ்ஸே சிரித்தது.

யாருடைய பை, உள்ளே என்ன இருக்கிறது, ஆள் ஏறினாளா இல்லையா, எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. பை கிடந்தது. அப்படியென்றால் அது ஒருத்தருடைய இடம். அவ்வளவுதான்.

அந்தப் பெண் பையைத் திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட், பணம், கண்ணாடி எல்லாம் அப்படியே இருந்தன. கண்ணில் தண்ணீரோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். எறிந்தவளையே கட்டிப்பிடிக்கிறாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வா தாயி, இறங்குவோம், பாபநாசத்துக்குப் போவோம்" என்று கையைக் காட்டினேன்.

அவள் காலி சீட்டைப் பார்த்தாள், அந்த அம்மாவைப் பார்த்தாள். கைபேசியில் பேசி நீட்டினாள். "இந்த இருக்கை எனக்காக இவ்வளவு நேரம் காத்திருந்தது. நான் கடலுக்குச் செல்கிறேன். அருவி நாளை."

எனக்கு மறுபடியும் பதறியது. முன்பின் தெரியாத ஊருக்குத் தனியாகவா! ஜெபமாலை அம்மா கையை வீசினார். "நீ மெல்ல வீட்டப் பாத்துப் போ. நான் திருச்செந்தூர்ல நல்ல இடமாப் பாத்து இறக்கிவிடுதேன். உன்னய மாதிரி தூக்கியா எறியப் போறேன்?"

ஆட்டோக்காரத் தம்பி மூட்டைப் பையை ஜன்னல் வழியாகத் திணித்துக் கொடுத்தான். வண்டி கிளம்பியது. அவள் ஜன்னலில் இருந்து கையை ஆட்டிக்கொண்டே போனாள். நான் அப்போதும் நம்பரைத்தான் பார்த்தேன். மகளுக்கு அனுப்பினேன். "எம்மா, இந்த வண்டியிலயா போற?" என்று கேட்டாள். "நான் போவல, நம்ம பிள்ள ஒண்ணு போவுது" என்றேன்.

என் பயம் ஒன்றும் போய்விடவில்லை. இன்றைக்கும் கேஸை மூன்று தடவை பார்க்கிறேன், நம்பரை அனுப்புகிறேன். ஆனால் கூட்ட நெரிசலான பஸ்ஸில் காலி சீட்டில் ஒரு துண்டோ பையோ மட்டும் கிடந்து, யாராவது அதை நகர்த்தப் போனால், என்னை அறியாமல் "ஆள் வருது" என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கேயோ ஒருத்தி பதறியடித்து ஓடி வந்துகொண்டிருப்பாள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.