வாயை மூடினால் கை ஓடாது

பார்சல் ஆபீசில் எடை சரிபார்க்கிற குமாஸ்தாவை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். "பன்னிரண்டரை, ஏழேகால், முப்பது" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மனுஷனுக்குக் கை ஓடும். சுற்றிலும் பலகைத் தடுப்பு இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை.

புது மேனேஜரம்மா வந்தார். தடுப்பு விழுந்தால் வேலை எழும் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்தவர். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பலகையெல்லாம் பெயர்ந்து குடோனுக்குப் போயிற்று. திங்களன்று ஆபீஸ் பந்து விளையாடுகிற மைதானம் மாதிரி கிடந்தது.

வினை அன்றைக்கே ஆரம்பம். ரேடியோ சொன்ன எண்ணெல்லாம் பக்கத்து மேசைக்காரர்களின் விரலில் போய் உட்கார்ந்துகொண்டது. பில் போடுகிற அம்மாள் ஒற்றைக் குடைக்கு நாற்பது கிலோ என்று அடித்துவிட்டார். குடைக்காரர் போனில் கத்தினார்: "ஏம்மா, நான் அனுப்புனது குடையா, கூரையா?"

மேனேஜரம்மா நேராக ரேடியோவிடம் வந்தார். "சார், வாயை மூடிட்டு வேலை பாருங்க."

மூடினார். கையும் நின்றுவிட்டது. தாள்கள் மலையாகக் குவிந்தன.

"மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா குடோனுக்கு மாத்திடுவேன்."

"குடோன் தூசி பட்டா எனக்கு இழுப்பு வந்துடும் மேடம்."

"மாஸ்க் போட்டுக்கங்க."

வீட்டில் மனைவி கேட்டாள்: "சத்தமில்லாம வேலை செய்ய நீங்க என்ன மீனா? போய் ஒரு பொந்து பாருங்க."

மறுநாள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த உடைந்த நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, மேசையை உள்ளே இழுத்துப் போட்டார். வேலை பிய்த்துக்கொண்டு பறந்தது. பில் அம்மாளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் இடம் குடுங்க. அங்க தும்முனாக்கூட பத்துப் பேர் திரும்பிப் பாக்குறாங்க."

"இது என்ன சத்திரமா? போம்மா."

மாசக் கடைசியில் மேனேஜரம்மாவே பொந்துக்குள் தலையை நுழைத்தார்.

"சார், மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதணும். அங்க உக்காந்தா ஒரு வரி ஓட மாட்டேங்குது. கொஞ்சம் நகருங்க."

"நான் எண் சொல்லுவேனே மேடம்?"

"சொல்லுங்க. பத்துப் பேர் இரைச்சலுக்கு ஒருத்தர் சத்தம் தேவலை."

எழுதி முடித்து எழுந்தவரிடம் ரேடியோ கேட்டார்: "அப்ப, குடோன்..."

"ஆமா, குடோன்ல இருக்கிற பலகையெல்லாம் எடுத்துட்டு வரணும். வேற ஆளை அனுப்புங்க. நீங்க போகாதீங்க, இழுப்பு வந்துடும்."